கோப்பி குடித்தால் கல் வருமா?
(தோட்ட மாதர் தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தலைவர் எனக்குப் பத்து நிமிடம்தான் தந்திருக்கிறார். ஆகவே பின்வரிசையில் கேட்ட கேள்விக்கே நேராக வருகிறேன். கோப்பி குடித்தால் சிறுநீரகத்தில் கல் வருமா?

ஆராய்ச்சிகள் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் தாதியரும் மற்றச் சுகாதாரத் தொழிலாளருமாக ஏறத்தாழ 1 இலட்சத்து 94 ஆயிரம் பேரைப் பல வருடம் கவனித்து, 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள. தினமும் கோப்பி குடித்தவர்களுக்குக் கல் வந்தது கால்பங்கு அளவு குறைவு. தேத்தண்ணி குடித்தவர்களுக்கும் கொஞ்சம் குறைவு. கூடுதலாக வந்தது சீனிச் சோடா குடித்தவர்களுக்கு. சம்பள நாளில் பிள்ளைகளுக்கு ஆசையாக வாங்கிக் கொடுக்கிறோமே, அந்தப் போத்தல்தான்.

நம் பாட்டன் பூட்டனைக் கடல் தாண்டிக் கூட்டி வந்ததே கோப்பிக்காகத்தான். 1869இல் இலையில் துரு நோய் விழுந்து கோப்பி அழிந்த பிறகுதான் மலையெல்லாம் தேயிலை ஆனது. லயத்துக் கோடியில் இன்னும் நிற்கிற கோப்பி மரத்தை வெட்ட வேண்டாம். குற்றவாளி அது இல்லை.

குற்றவாளி தண்ணீர்ப் பஞ்சம். உடம்பில் தண்ணீர் குறைந்தால் சிறுநீரில் உள்ள உப்புகள் கரையாமல் படிகின்றன. சீனிப்பாணி வற்றினால் அடியில் கட்டி பிடிக்கும் அல்லவா, அந்த மாதிரி. கருவாடும் உப்புச் சம்பலும் கூடினால் இன்னும் மோசம். ஒரு தடவை கல் வந்தவர்கள் நாளைக்கு இரண்டரை லீட்டர் சிறுநீராவது போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள்.

இரண்டரை லீட்டர்! கொழுந்து மலையில் நிற்கிற பெண் அதற்கு எங்கே போவாள்?

இதைத்தான் நான் பேச வந்தேன். காலையில் ஒரு கோப்பை கோப்பி குடித்தால் பத்து மணிக்கு ஒதுங்க இடம் வேண்டும். கீழே லயத்துக்கு இறங்கி ஏறினால் கொழுந்து நிறை குறையும், அரைப்பேர் போடுவார்கள். பற்றைக்குள் போனால் அட்டை, குளவி, ஆம்பிளைகள் கண். அதனால் நம் பெண்கள் வாயை நனைக்காமலே மலை ஏறுகிறார்கள். பகல் முழுக்க அடக்குகிறார்கள். நீர்க்கடுப்பு வந்தால் அதையும் வெளியே சொல்வதில்லை. "தண்ணி குடிங்க" என்று டிஸ்பென்சரியில் சொல்லி அனுப்புவது சுலபம்.

விலாவில் குத்தி அடிவயிற்றுக்கு இறங்கும் வலியோடு காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, கைமருந்து பார்த்துக் கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

துரையோடு அடுத்த பேச்சில் நாம் வைக்கப் போவது இதுதான்: ஒவ்வொரு மலைக்கும் கொதித்தாறின தண்ணீர், பக்கத்தில் கதவுள்ள கக்கூஸ், போய்வரும் நேரத்துக்குப் பேர் வெட்டக்கூடாது. சம்பளப் பேச்சு முடியட்டும் என்று இதைத் தள்ளிவைக்கச் சில ஆம்பிளைத் தலைவர்கள் விரும்புகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வாசலில் ஒரு கொப்பி இருக்கிறது. எந்த மலை, எத்தனை பேர், கிட்ட உள்ள கக்கூஸ் எவ்வளவு தூரம் என்று எழுதிவிட்டுப் போங்கள். எழுத வராதவர்கள் என்னிடம் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன்.