காட்சி, ஐயம், துணிவு



தமிழ் அகப்பொருள் இலக்கணத்தில் காதலுக்கு முன்னே ஐயம் நிற்கிறது. நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் கைக்கிளையைக் காட்சி, ஐயம், துணிவு, குறிப்பறிதல் என நான்காகப் பகுக்கிறது. தலைவன் ஒருத்தியைக் காண்கிறான். இவள் தெய்வ மகளோ, மானுட மகளோ என ஐயுறுகிறான். ஐயுற்றவன் கைகூப்பி நின்றுவிடுவதில்லை, சான்று தேடுகிறான். சூடிய பூவில் வண்டு மொய்க்கிறதா, கண் இமைக்கிறதா, முகத்தில் அச்சம் தோன்றுகிறதா என நோக்குகிறான். இத்தகைய சான்றுகளைத் தொல்காப்பியர் களவியலில் நிரல்படவே வைத்திருக்கிறார். இமைக்கும் கண்ணைக் கண்டபின் மானுட மகளே எனத் துணிகிறான். தெய்வம் அன்று எனத் தெரிந்ததனால் அவன் அன்பு குன்றவில்லை. அதன் பின்னரே வளர்கிறது.

ஐயுற்று ஆராயும் பண்பு மேல்நாட்டு இறக்குமதி என்று கருதுவோர் இன்றும் உளர். அவர்களுக்கு இவ்விலக்கணமே விடை. இந்த வரிசையில் வைத்து, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரண்டு ஊர்களின் நம்பிக்கைகள் சிலவற்றை நோக்குவதே இவ்வுரையின் பொருள்.

இராசபாளையத்தில் சஞ்சீவி மலை உள்ளது. அனுமன் தூக்கிச் சென்ற மலையிலிருந்து விழுந்த துண்டு அது என்பர். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்புப் பகுதியின் சதுரகிரிக்கும் இக்கதை உண்டு. திண்டுக்கல்லின் சிறுமலைக்கும், குமரி மாவட்டத்தின் மருந்துவாழ் மலைக்கும் உண்டு. கடல் கடந்தால் இலங்கையில் காலிக்கு அருகே ரூமஸ்ஸல, அனுராதபுர மாவட்டத்தில் ரிட்டிகல என மேலும் இரண்டு. வடக்கே உத்தரகண்டத்தின் துரோணகிரிச் சிற்றூரிலோ, தங்கள் மலையைப் பெயர்த்துக்கொண்டு போனவன் என்று அனுமனை வழிபடாமலே இருக்கிறார்கள். மலையை இழந்தவர்களின் வருத்தமும் மலையைப் பெற்றவர்களின் பெருமையும் ஒரே கதையின் இரு முனைகள். இத்தனை துண்டுகளையும் சேர்த்தால் அனுமன் சுமந்த மலையினும் பெரிதாகும் போலும்!

சஞ்சீவி மலை வானிலிருந்து விழவில்லை. தென் தமிழகத்துக் குன்றுகளைப் பெரும்பாலும் ஆக்கியிருப்பவை சார்னோக்கைட், நைஸ் முதலான மிகப் பழைய பாறைகள். நிலத்தின் ஆழத்தில் உருவாகி, மேல்மண் அரிக்கப்பட்டு வெளிப்பட்டவை அவை. கதை பிறந்த காலத்துக்கும் அவற்றின் அகவைக்கும் இடைப்பட்ட தொலைவைக் கோடி ஆண்டுகளால்தான் அளக்க இயலும்.

மூலிகை பற்றிய செய்தி இன்னும் சுவையானது. உத்தரகண்ட அரசு 2016ஆம் ஆண்டில் சஞ்சீவியைத் தேடுவதற்கென 25 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. அதற்கு முன்பே 2009இல், கணேசையா முதலிய அறிவியலாளர்கள் இக்கதைக்குப் பொருந்தக்கூடிய செடிகளை ஆராய்ந்து கட்டுரை எழுதினர். அவர்கள் கருதிய செடிகளுள் ஒன்று செலாஜினெல்லா பிரையாப்டெரிஸ். பாறையிடுக்கில் காய்ந்து சுருண்டு, செத்தது போலக் கிடக்கும்; நீர் பட்டதும் விரிந்து பசுமை கொள்ளும். இதைக் கண்ட பழங்காலத்துக் கவியுள்ளம் ஒன்று, செத்தும் பிழைக்கும் செடி என வியந்திருக்கலாம். அது நல்ல உவமை. தானே உயிர்த்தெழும் செடி இறந்தவனையும் எழுப்பும் என்று பின்வந்தவர் கொண்டபோது, உவமை மருந்தாகிவிட்டது. மக்கள் நம்பிக்கைகள் பலவற்றின் பிறப்பு இத்தகையதே. கவிஞன் 'போல' என்றான். கேட்டவன் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டான்.

'போல' என்னும் சொல்லை விடாது காத்துவரும் வழக்கமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே உண்டு. ஆண்டாளின் இடக்கையில் அமரும் கிளி நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுவது. மரவள்ளி இலை அதன் உடல். மாதுளம்பூ அதன் அலகு. மூங்கில் குச்சி அதன் கால். அதைச் செய்பவர்க்கும், சாத்துபவர்க்கும், பெற்றுச் செல்பவர்க்கும் அது இலை என்பது தெரியும். அது பறக்குமா என்று எவரும் சோதிப்பதில்லை. பறந்தது என்று எவரும் கதை கட்டுவதும் இல்லை. இலை என அறிந்தும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். உண்மை தெரிந்தால் அழகு கெடும் என்று அஞ்சுவோர் அக்கிளியை ஒருமுறை காண்பது நன்று.

ஊர்ப்பெருமையும் ஐயத்துக்கு விலக்கன்று. தமிழ்நாட்டரசின் சின்னத்தில் உள்ளது ஆண்டாள் திருக்கோயிலின் 11 நிலைக் கோபுரம் என்பது இவ்வட்டாரத்தில் பிள்ளைகளும் சொல்லும் செய்தி. ஆனால் அச்சின்னத்தை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணாராவ், மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரத்தையே மாதிரியாகக் கொண்டதாகக் கூறியதாக இதழ்களில் செய்தி வந்துள்ளது. பிறர் நம்பிக்கையை ஐயுறுவது எளிது. தனக்குப் பெருமை தரும் நம்பிக்கையின் முன் நின்று சான்று கேட்பவனே ஐயத்தைக் கற்றவன். அந்தக் கோபுரத்தின் உயரம் சின்னத்தால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

இனி, ஒரே நாளில் உலகைச் சுற்றிய வியப்பு ஒன்று. 1995 செப்டம்பர் 21ஆம் நாள் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி தில்லியிலிருந்து கிளம்பித் தொலைபேசி வழியே இந்தியா முழுதும், இலண்டன் வரையும் பரவியது. கோயில்களின் முன் நீண்ட வரிசைகள் நின்றன. காட்சி பொய்யன்று, கரண்டியில் இருந்த பால் மெய்யாகவே குறைந்தது. அறிவியலாளர்கள் பாலில் வண்ணம் கலந்து நீட்டினர். கரண்டியின் விளிம்பிலிருந்த பால் பரப்பு இழுவிசையால் துதிக்கைக் கல்லைப் பற்றி, மெல்லிய படலமாகக் கீழே வழிந்தது வண்ணத்தால் வெளிப்பட்டது. அன்று கூடியவர்கள் எவரும் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கண்டார்கள், காட்சியிலிருந்து நேரே துணிவுக்குத் தாவினார்கள். இடையில் இருக்கவேண்டிய ஐயம் விடுபட்டது. அந்நாளின் குறை அவ்வளவே. அதனால் எவர் உயிரும் போகவில்லை என்பதால் அதைச் சிரித்துக் கடந்துவிடலாம்.

சிரித்துக் கடக்க இயலாத இடம் ஒன்று உண்டு, அது பாம்புக்கடி. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என 2020இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். காட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் செல்வோர் நிறைந்த இம்மலையடிவாரத்துக்கு இது அயலார் செய்தியன்று.

மந்திரித்தால் விஷம் இறங்கும், கல்லை வைத்தால் உறிஞ்சும், மலையின் பச்சிலை காக்கும் என்ற நம்பிக்கை எங்ஙனம் நிலைத்தது? அதற்கும் காட்சி உண்டு. இந்தியாவில் 300க்கு மேற்பட்ட பாம்பு இனங்கள் உள்ளன; பெரும்பாலானவை நஞ்சால் மனிதனைக் கொல்லாதவை. நஞ்சுள்ள பாம்பும் சில வேளைகளில் நஞ்சு செலுத்தாமலே கடிக்கும். ஆகவே மந்திரிக்கச் சென்றவருள் பலர் பிழைக்கத்தான் செய்வர். பிழைத்தவர் ஊரெங்கும் சான்று சொல்வார். பிழையாதவர் சான்று சொல்ல வருவதில்லை. அவருக்கு விதி முடிந்தது என்று கணக்கு எழுதப்படுகிறது. இவ்வாறு வென்றதை மந்திரத்தின் பெயரிலும் தோற்றதை விதியின் பெயரிலும் எழுதும் கணக்கில் மந்திரம் ஒருபோதும் தோற்காது. கட்டுவிரியன் கடியில் வலியும் தடமும் தெளிவாகத் தெரியாமலே போவதுண்டு. பாயில் உறங்கியவர் விடியலில் மூச்சுத் திணறினால் பேய் அமுக்கியது என்பார்கள். அந்த ஒரு சொல்லில் மருத்துவத்துக்குரிய நேரம் கழிந்துவிடும்.

நஞ்சுமுறி மருந்து 1890களில் ஆல்பர்ட் கால்மெட் முதலியோரின் முயற்சியால் உருவானது. குதிரைக்குச் சிறுகச் சிறுக நஞ்சைச் செலுத்தி, அதன் குருதியில் தோன்றும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பது அதன் முறை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிரான மருந்து இந்தியாவில் செய்யப்படுகிறது. அதற்கு வேண்டிய நஞ்சைச் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தோன்றிய இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தந்து வருகிறது. பாம்பைப் பற்றிய பழங்குடியினரின் பட்டறிவு அங்கே மந்திரமாகாமல் மருந்தானது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடித்த இடத்தைக் கீறாமல், இறுகக் கட்டாமல், அசைவின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே செயத்தக்கது. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி எங்கெங்கோ உள்ள மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. அந்த வட்டாரத்தில் கடிபட்டவர் மட்டும் மருத்துவமனைக்குப் பிந்திச் செல்வது எத்துணை பெரிய முரண்!

ஐயவாதிகளும் ஐயத்துக்கு உட்பட்டவர்களே. பாம்புக்குக் காது கேளாது, மகுடிக்கு ஆடுவது அதன் அசைவைக் கண்டுதான் எனப் பகுத்தறிவு மேடைகளில் நெடுங்காலம் சொல்லப்பட்டது. மகுடியின் அசைவு பற்றிய விளக்கம் சரியே. ஆனால் பாம்புகள் காற்றில் வரும் ஒலியையும் உணர்கின்றன என ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் 2023இல் ஆய்ந்து காட்டினர். மூடநம்பிக்கையை மறுக்க வந்த கூற்றும் ஆராயப்படாவிடில் இன்னொரு நம்பிக்கையாக உறைந்துவிடும். சொல்பவர் யாராயினும் பொருளின் மெய்யைக் காணச் சொன்ன வள்ளுவர், சொல்பவர் பகுத்தறிவாளராயின் விட்டுவிடுக என விலக்கு அளிக்கவில்லை.

இவற்றில் கவிஞர்க்குரிய கடமை யாது? கதைகளைக் கைவிடுவது அன்று. சஞ்சீவி மலையைப் பாடலாம். அனுமன் தோளில் அது அசைந்ததையும் பாடலாம். பாடும்போது 'போல' என்னும் சொல்லின் உயிரைக் காப்பதே கடமை. உவமை உவமையாக அறியப்படும் ஊரில் கவிதையும் வாழும், கடிபட்டவரும் வாழ்வர். அடுத்த பத்தாண்டில் இவ்விலக்கிய வட்டம் நடத்தும் அரங்குகளுள் ஆண்டுக்கு ஒன்றேனும், ஊரில் வழங்கும் ஒரு நம்பிக்கையை எடுத்துக்கொண்டு, காட்சியை மதித்து, ஐயத்தைக் கேட்டு, துணிவுக்கு வரும் அரங்காக அமையட்டும். முதல் அரங்குக்குப் பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளலாம். கவிஞர்களோடு அரசு மருத்துவர் ஒருவரையும் அழைக்கலாம்.