தங்கை ஓட்ட, நான் தேர்ந்தெடுத்த வண்டி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் அண்ணன் போன வாரம் போன் பண்ணி, "ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா, ஆனா யாரையும் தூங்க வச்சிடாதே" என்றார். அதனால் என் வேலையைப் பற்றிப் பேசப் போவதில்லை. நான் செய்த ஒரு தப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

எனக்கு ஒரு தங்கை. உயரம் 151 செ.மீ., அதாவது ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. எடை 44 கிலோ. பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே என்ற பெண் 2019-ல் பாஹா என்னும் கரடுமுரடான பாதைப் பந்தயத்தில் பெண்கள் பிரிவின் உலகக் கோப்பையை வென்றார் அல்லவா, அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து இவளுக்கு மண்ணில் வண்டி ஓட்ட வேண்டும் என்று ஆசை. பந்தயத்துக்குப் போகவேண்டும் என்றில்லை. "மேடு பள்ளத்துல நின்னுக்கிட்டே ஓட்டணும்ணே, அவ்வளவுதான்" என்பாள். அம்மாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான்தான் வீட்டு இன்ஜினியர். "நான் பார்த்து வாங்கித் தரேன்" என்று பொறுப்பு ஏற்றுக்கொண்டேன்.

நம் நாட்டில் சாலையிலும் மண்ணிலும் ஓட்டக்கூடிய, கைக்கு எட்டும் விலையுள்ள வண்டிகள் குறைவு. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 அதில் ஒன்று. பழைய வண்டி ஒன்று நல்ல விலைக்கு வந்தது. போய்ப் பார்த்தேன், ஏறி உட்கார்ந்தேன், இரண்டு காலும் தரையில் படிந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். கவனித்தீர்களா? ஓட்டப்போவது அவள். உட்கார்ந்து பார்த்தது நான்!

கருக்களாச்சேரிப் பக்கம் சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு மணல் தடம். சித்திரை வெயிலில் காய்ந்து, சர்க்கரை மாதிரி உதிரும் மணல். இருபது நிமிடம் நன்றாகவே ஓட்டினாள். பிறகு ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது. நிறுத்தினாள். நிறுத்தியதுதான் தாமதம், இடது காலை ஊன்றினாள், கால் புதைந்தது, வண்டி அப்படியே அவள் மேல் சாய்ந்தது. ஓடிப்போய்த் தூக்கினேன். காலில் சாதாரணச் செருப்பு. கணுக்காலில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. ஓடும்போது விழவில்லை நண்பர்களே, நின்ற பிறகு விழுந்தாள்.

அன்று இரவு அப்பா என்னிடம் பேசவில்லை. அம்மா பேசினார்கள், அதை இங்கே சொல்ல முடியாது.

அந்த ஆறு வாரத்தில்தான் நான் மூன்றாம் செமஸ்டர் புத்தகத்தை மனதில் திறந்து, முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். எக்ஸ்பல்ஸின் சீட் உயரம் 825 மி.மீ. அது காலி வண்டியின் உயரம். ஆள் உட்கார்ந்தால் ஸ்பிரிங் அமுங்கும். என் எடைக்குப் பின்பக்கம் ஐந்து செ.மீ. இறங்குகிறது. அவள் உட்கார்ந்தால் மூன்றரைகூட இல்லை. ஆக, ஒரே வண்டி எனக்குத் தாழ்வு, அவளுக்கு உயரம். குட்டையாகவும் ஒல்லியாகவும் இருப்பவருக்கு இரட்டை நஷ்டம். விளம்பரத் தாளில் இது எங்கும் இருக்காது.

அடுத்து எடை. வண்டி சுமார் 158 கிலோ. புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பத்து டிகிரி சாய்ந்தால், ஹாண்டில்பார் உயரத்தில் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 14 கிலோ விசை வேண்டும். இருபது டிகிரி சாய்ந்தால் 27 கிலோ. இவளுடைய மொத்த எடையே 44! மணலில் கால் ஐந்து செ.மீ. புதைந்தாலே கூடுதலாக ஆறேழு டிகிரி சாய்வு வந்துவிடும். அந்த இடத்தில் பயில்வானாக இருந்தாலும் விட்டுவிட வேண்டியதுதான்.

ஒரு நண்பர், "ஹிமாலயன் வாங்கு, சீட் 800தான்" என்றார். 2016-ல் வந்த அந்த வண்டியின் சீட் உயரம் உண்மையிலேயே குறைவுதான். ஆனால் எடை 190 கிலோவைத் தாண்டும். இரண்டரை செ.மீ. லாபத்துக்கு முப்பது கிலோ கூடுதல் சுமை. வெளிநாட்டில் இந்தக் கவலை குறைவு. அங்கே 110, 125 சிசி-யில் சின்னஞ்சிறு மண் வண்டிகள் பல உண்டு. கவாசாகியின் கேஎல்எக்ஸ் 110 நம் நாட்டுக்கும் 2018-ல் வந்தது. சீட் 680 மி.மீ., எடை 76 கிலோ, கிளட்ச் பிடிக்கவே வேண்டாம். படிக்க அதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் விலை இலட்சக் கணக்கில், சாலையில் பதிவு செய்யவும் முடியாது. காரைக்காலில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

விடையை நான் கண்டுபிடிக்கவில்லை. அவள்தான் கண்டுபிடித்தாள். கட்டுப் பிரித்து இரண்டு மாதம் கழித்து, சித்தப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல் 100-ஐ எடுத்துக்கொண்டு அதே மணலுக்குப் போய்விட்டாள். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. 1980-ல் டிவிஎஸ் 50 வந்த நாளிலிருந்து நம் டெல்டாவில் நெல் மூட்டையும் மீன் கூடையும் சுமக்கிற வண்டியின் வாரிசு அது. அதில் மண் பயிற்சியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அளந்து பார்த்தேன். சீட் உயரம் 787 மி.மீ., எக்ஸ்பல்ஸை விட நாலு செ.மீ.கூடக் குறைவில்லை! ஆனால் எடை தொண்ணூறு கிலோவுக்குள். சீட் ஒடுங்கலானது. முன்னால் டேங்க் மறிக்காததால், தடுமாறினால் சீட்டை விட்டு முன்னே இறங்கி நின்றுகொள்ளலாம். கியர் இல்லை, கிளட்ச் இல்லை, கவனம் முழுவதும் மணல் மேலேயே இருக்கும். மூன்று மாதத்தில் எத்தனை முறை சாய்த்தாள் என்று அவளுக்கே கணக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் அவளே தூக்கி நிறுத்தினாள். அதுதான் சங்கதி. தானே தூக்க முடிகிற வண்டியில்தான் பயம் போகிறது.

இதற்குள் எக்ஸ்பல்ஸை விற்றுவிடலாம் என்று அப்பா சொன்னார். அவள் விடவில்லை. "ஐஸ்வர்யாவும் 2018-ல் ஸ்பெயினில் விழுந்து கணையம் அடிபட்டு, அடுத்த வருடம்தானே ஜெயிச்சாங்க" என்று வாதாடினாள். நான் வண்டியில் கை வைத்தேன். இந்த முறை அவளை உட்கார வைத்துத்தான் எல்லா வேலையும். சீட் ஸ்பாஞ்சை இரண்டரை செ.மீ. செதுக்கி, முக்கியமாகத் தொடை படும் இரு ஓரங்களையும் ஒடுக்கினோம். பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் இறுக்கத்தைத் தளர்த்தினோம். முன் ஃபோர்க்கை ஒரு செ.மீ. மேலே ஏற்றிப் பிடித்தோம். மொத்தத்தில் நாலரை செ.மீ. தேறியது. இதற்கு மேல் இணைப்புக் கம்பியை மாற்றி இறக்கலாம். ஆனால் அடிவயிறு கல்லில் இடிக்கும், சைடு ஸ்டாண்டும் நீளமாகிப்போய் நிறுத்தி வைத்த வண்டி மறுபக்கம் சாயும். அதனால் அத்தோடு விட்டோம். கணுக்காலை மூடும் கெட்டியான பூட்ஸ் வாங்கினோம். அதன் அடித்தோலே இரண்டு செ.மீ. உயரம் கொடுத்தது, யாரும் சொல்லாத லாபம்.

மீதி உயரத்தை உடம்பால் சரிக்கட்டினாள். நிறுத்தும்போது இடுப்பை இடப்பக்கம் நழுவ விட்டு, ஒரே காலை முழுதாக ஊன்றி, வலது கால் பிரேக்கிலேயே இருக்கும். இரண்டு காலும் தரையில் பட வேண்டும் என்பது நம்மைப் போன்ற உயரமானவர்கள் பிடித்து வைத்திருக்கும் பிடிவாதம். நிறுத்தும் இடத்தை முன்கூட்டியே பார்த்து வைப்பாள், கெட்டித் தரையாக, இடப்பக்கம் மேடாக. கடற்கரையில் ஓட்டுவதில்லை. உப்பு செயினைத் தின்றுவிடும், தை மாசி பங்குனியில் ஆமை முட்டையிடும் மணல் அது, மீனவர்கள் வலை காயப்போடும் இடமும்கூட.

கணுக்கால் இன்னமும் மழைக்காலத்தில் வலிக்கிறது என்கிறாள். என்னைப் பார்த்துச் சொல்வதில்லை, அம்மாவிடம்தான் சொல்கிறாள்.

இன்று அந்த வண்டியிலேயே வந்திருக்கிறாள். வேப்ப மரத்தடியில் பிஒய்-02 எண்ணோடு சேறு பூசி நிற்கிறதே, அதுதான். மகள்கள், மருமகள்களோடு வந்திருக்கிறவர்கள் தேநீர் இடைவேளையில் அவர்களையே ஏறி உட்காரச் சொல்லுங்கள், நீங்கள் உட்காராதீர்கள். சாவி என்னிடம் இல்லை, அவளிடம்தான் கேட்க வேண்டும்.