ஓட்டுநர் செய்யாத தவறு

பட்டம் பெறும் இளம் பொறியாளர்களே!

வாழ்த்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேச்சு நீண்டால் மறந்துவிடும். மனமார்ந்த வாழ்த்துகள். வெற்றிக்கு ஏழு வழி, பத்து வழி என்று எதுவும் என்னிடம் இல்லை. உங்களில் பலர் நாளை ஏதாவது ஒரு ரோபோவுக்குப் பக்கத்தில் நிற்பீர்கள், அதற்கு வேலை பழக்கும் பொறுப்பும் உங்கள் தலையில்தான் விழும். ஆகவே மனிதரிடமிருந்து ரோபோ எப்படிக் கற்கிறது என்பதை மட்டும் பேசுகிறேன்.

நார்வேயில் பிரைனே என்று ஓர் ஊர். அங்கே டிரல்ஃபா என்ற நிறுவனம் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிகள் செய்துவந்தது. நெடியடிக்கும் பெயின்ட் அறையில் நாள் முழுக்க நிற்க ஆள் கிடைப்பது கஷ்டமாயிற்று. 1960-களின் பிற்பகுதியில் ஓலே மோலாவ் என்பவர் அந்த வேலைக்கு ஓர் இயந்திரக் கையை உருவாக்கினார். கைதேர்ந்த பெயின்டர் அதன் முனையைப் பிடித்து, வழக்கம்போல் ஒருமுறை பூசிக் காட்டுவார். அந்த அசைவு அப்படியே பதிவாகும். பிறகு கை அதையே திரும்பச் செய்யும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் டீச் பென்டன்ட் என்ற கைக்கருவியைப் பிடித்துக்கொண்டு, வெல்டிங் ரோபோ போக வேண்டிய இடங்களைப் பதித்து ‘பாயின்ட் டீச்’ பண்ணும் ஆபரேட்டரும் ஏறக்குறைய இந்தப் பரம்பரைதான்.

இதைக் கற்றல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தள்ளுவண்டி கொக்கியில் கொஞ்சம் சாய்ந்து தொங்கினால் போதும், அந்தக் கை காற்றுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு வரும். பெயின்டராக இருந்தால் சாய்வைப் பார்த்ததும் மணிக்கட்டைத் திருப்பியிருப்பார். அவர் காட்டிய அன்று எந்த வண்டியும் சாயவில்லை. அதனால் அந்தத் திருப்பம் பதிவில் இல்லை.

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்தவர் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்து டீன் பொமர்லோ. 1980-களின் கடைசியில் அவர் ஆல்வின் என்ற சிறிய நரம்பியல் வலைப்பின்னலை உருவாக்கி, நேவ்லேப் என்ற வேனில் பொருத்தினார். சாலையின் கேமரா படம் 30-க்கு 32 புள்ளிகளாகச் சுருங்கி உள்ளே போகும். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம், எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது வெளியே வரும். மனிதர் ஓட்டுவதைச் சில நிமிடங்கள் பார்த்தாலே அது சாலையைப் பழகிக்கொண்டது.

ஆனால் நல்ல ஓட்டுநர் தன் தடத்தைவிட்டு விலகுவதில்லை. ஆகவே விலகினால் எப்படித் திரும்புவது என்பதையும் அவர் காட்டுவதில்லை. இயந்திரம் தானே ஓட்டும்போது சின்னப் பிழை ஒன்று வரும், வண்டி ஓரத்துக்கு நகரும். அங்கிருந்து சாலை எப்படித் தெரியும் என்பதை அது முன்பின் பார்த்ததில்லை. அடுத்த பிழை இன்னும் பெரிதாகும். ஓட்டுநர் வேண்டுமென்றே வளைத்து ஓட்டிக் காட்டலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். பொமர்லோவும் அதை யோசித்தார். ஆனால் அப்படிக் காட்டினால் இயந்திரம் வளைப்பதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டுவிடும். மற்ற வண்டிகள் போகும் சாலையில் ஆபத்து வேறு. கடைசியில் ஒவ்வொரு படத்தையும் கணக்குப் போட்டு நகர்த்தி, வண்டி விலகி நிற்பதுபோல் மேலும் 14 படங்கள் செய்து, ஒவ்வொன்றுக்கும் சரியான திருப்பத்தைச் சேர்த்துக் கொடுத்தார். ஓட்டுநர் செய்யாத தவறுகளை ஆசிரியர் இட்டுக்கட்ட வேண்டியிருந்தது.

2011-இல் அதே பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபான் ராஸ், ஜெஃப்ரி கார்டன், டுரூ பேக்னெல் மூவரும் இந்தச் சிக்கலுக்கான தீர்வை ஒரு முறையாகவே வகுத்தார்கள். வெறுமனே பார்த்துச் செய்யும் இயந்திரத்தின் பிழை, மோசமான நிலையில், வேலையின் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும்: வேலை இரு மடங்கானால் பிழை நான்கு மடங்காகலாம். அவர்கள் சொன்ன வைத்தியம் எளிது. கற்பவனையே ஓட்டவிடு. அவன் போய் மாட்டிக்கொண்ட இடங்களை எடுத்துக்கொண்டு நிபுணரிடம் போ, ‘இங்கே நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று கேள். அந்தப் பதில்களையும் சேர்த்து மறுபடி பழக்கு. (நம் வகுப்பறைகளுக்கும் இது பொருந்தும். விடைத்தாளில் சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிறோம். பேராசிரியர்கள் கோபிக்க வேண்டாம்.)

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்டான்ஃபோர்டின் ஹெலிகாப்டர். 2008-இல் பீட்டர் அபீல், ஆடம் கோட்ஸ், ஆண்ட்ரூ இங் மூவரும் ஆளில்லாத சிறு ஹெலிகாப்டருக்கு வானில் குட்டிக்கரணம் போடப் பழக்கினார்கள். ரிமோட்டில் ஓட்டிக் காட்டியவர் தேர்ந்த விமானி. ஆனாலும் ஒருமுறை வட்டம் நசுங்கும், அடுத்தமுறை உயரம் குறையும். எந்த ஓட்டமும் முழுக்கச் சரியில்லை. பிழைகள் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழுந்தன. ஓட்டங்களைக் கால அளவில் ஒன்றோடொன்று பொருத்திவைத்து, அவர் மனதில் இருந்த பாதை எது என்று நிரல் ஊகித்தது. அவர் செய்ததை விட்டுவிட்டு, செய்ய நினைத்ததைப் பிடித்துக்கொண்டது. ஹெலிகாப்டர் அவரைவிட நன்றாகவே பறந்தது. ஒரே ஓட்டத்தை மட்டும் வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

2024-இன் தொடக்கத்தில் அதே ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த மொபைல் அலோஹா என்ற இருகை ரோபோவை நீங்களும் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். ஒரு வேலையை ஏறக்குறைய ஐம்பது முறை செய்துகாட்டினால், பழகிக்கொண்டு தானே செய்கிறது. ஆனால் அது முழுச் சாப்பாடு சமைத்த வீடியோவில் பின்னால் ஓர் ஆள் நின்று இரு கைகளையும் இயக்கிக்கொண்டிருந்தார். ஆய்வாளர்கள் அதை மறைக்கவில்லை. ரோபோ சொதப்பிய காட்சிகளையும் அவர்களே வெளியிட்டார்கள். பகிர்ந்தவர்கள்தான் கவனிக்கவில்லை. பொறியாளராகிய நீங்கள் ரோபோ வீடியோவைப் பார்த்தால், முதலில் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பாருங்கள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 2025-இல் கரூரிலிருந்து ஒரு செய்தி வந்தது. நெற்றியில் கேமரா கட்டிக்கொண்டு இளைஞர்கள் துண்டு மடிக்கிறார்கள். அவர்கள் கை அசையும் விதம் எங்கோ இருக்கும் ரோபோக்களுக்குப் பாடமாகப் போகிறது. படி ஒன்று தவறினாலோ நேரம் கூடினாலோ மறுபடி முதலிலிருந்து. பிழையான வீடியோக்கள் நீக்கப்படும். கோணலாக மடித்துவிட்டு அப்படியே விட்ட வீடியோவால் பயனில்லை என்பது சரிதான். கோணலாக மடித்து, உதறி, மறுபடி சரிசெய்த வீடியோவும் அதோடு சேர்ந்து குப்பைக்குப் போகிறதென்றால், காசு கொடுத்து வாங்கிய பாடத்தில் பாதியைத் தூக்கியெறிகிறோம் என்பேன்.

துண்டு மடிப்பவரின் கூலி பற்றியும் பேசத்தான் வேண்டும். அந்தப் பாடம் எத்தனை ரோபோக்களுக்குப் பிரதியானாலும் அவருக்குக் கிடைப்பது அன்றைய சம்பளம்தான். இது நியாயமா என்று சட்டம் இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை. இப்படியான தரவுகளைத் திரட்டும் திட்டங்களில் நாளை ஒப்பந்தம் எழுதும் மேசையில் உங்களில் சிலர் உட்காருவீர்கள். காட்டுபவருக்கு என்ன பங்கு என்ற கேள்வியை அங்கே எழுப்ப வேறு ஆள் வரமாட்டார்.

மற்றவர்களுக்குச் சின்ன வேலை ஒன்று. பணியில் சேர்ந்த முதல் வாரத்தில் இரவு ஷிப்டுக்கு ஒருநாள் போங்கள். டீச் பென்டன்ட் வைத்திருக்கும் அண்ணனையோ அக்காவையோ தேடிப்பிடித்து, டீச் பண்ணிய பாயின்ட்டை எப்போதெல்லாம் மாற்றினீர்கள், எதைப் பார்த்து மாற்றினீர்கள் என்று கேளுங்கள். டீ வாங்கிக் கொடுத்தால் நிறையவே சொல்வார்கள். சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். அறிக்கையில் அவர்கள் பெயரையும் போடுங்கள்.