கடல் ஆழமும் கரிச் சேமிப்பும்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



உலகின் வெப்பம் ஏறி வருவதைப் பற்றி இன்று பேசாதார் இல்லை. அதற்குக் காரணமான காபனீரொட்சைட்டு வாயுவையும் யாவரும் அறிவர். ஆனால், வளிமண்டலத்திலுள்ள காபனைப் போல ஏறக்குறைய ஐம்பது மடங்கு காபன் கடலில் அடங்கிக் கிடக்கின்றது என்பதைப் பலர் சிந்திப்பதில்லை. தீவில் வாழும் நாம் அதனைச் சிந்தித்தல் தகும். கடல் அக்காபனை எவ்வாறு கீழே கொண்டு செல்கின்றது? அந்தச் சேமிப்பை நாம் விரும்பியவாறு பெருக்கலாமா? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

கடலின் மேற்பகுதியில், வெயில் எட்டும் ஆழம்வரை, பிளாந்தன் எனப்படும் நுண்ணிய பயிர்கள் மிதக்கின்றன. அவை ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 5,000 கோடி தொன் காபனைத் தம் உடலாக்கிக் கொள்கின்றன. காடு, வயல், புல்வெளி என நிலத்துப் பயிர்களெல்லாம் சேர்ந்து செய்யும் வேலைக்கு இஃது ஏறத்தாழ ஈடானது.

விளைந்ததிற் பெரும்பகுதி மேலேயே செலவாகிவிடுகின்றது. சிறு பிராணிகள் உண்கின்றன, பற்றீரியாக்கள் சிதைக்கின்றன, காபன் மறுபடி வாயுவாகின்றது. எஞ்சிய சிறு பங்கே கீழிறங்கும். இறந்த பிளாந்தன், பிராணிகளின் எச்சம், பசைப்பொருள் ஆகியன ஒன்றோடொன்று ஒட்டி, வெண்ணிறத் துகள்களாக இருளினூடே விழுந்துகொண்டேயிருக்கின்றன. 1953 ஆம் ஆண்டில் சுசூக்கி, காட்டோ என்னும் யப்பானிய ஆராய்ச்சியாளர் இதற்குக் ‘கடற்பனி’ எனப் பெயரிட்டனர். பனிமழையைக் கண்டறியாத நாம், இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறந்து வீழ்வதை நினைத்துக்கொள்ளலாம்.

இங்கே நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. எவ்வளவு விளைந்தது என்பதன்று, எவ்வளவு ஆழம் சென்றது என்பதே சேமிப்பைத் தீர்மானிக்கின்றது. மேல்நீரிற் சிதைந்த காபன் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ காற்றுக்குத் திரும்பிவிடும். அது கைச்செலவுப் பணம். 1,000 மீற்றருக்குக் கீழே சென்று சிதைந்தால், அந்த நீர் மறுபடி மேலே வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் ஆகலாம். அது நிலையான வைப்பு. அடிச்சேற்றிற் புதைந்ததோ பல இலட்சம் ஆண்டுகள் கிடக்கும். அதனை முதுசொம் எனலாம்.

இதற்கு உதாரணம் நமது கீழ்க்கடலிலேயே உண்டு. 1987 ஆம் ஆண்டு முதல் இந்திய, ஜேர்மனிய விஞ்ஞானிகள் வங்காள விரிகுடாவின் ஆழத்திற் புனல் போன்ற பொறிகளைத் தொங்கவிட்டு, விழும் துகள்களைச் சேர்த்து அளந்தனர். கங்கையும் பிரமபுத்திராவும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 100 கோடி தொன் மண்ணை அடித்து வருகின்றன. அதன் நுண்ணிய களிமண் கடற்பனியோடு ஒட்டிப் பாரமேற்றுகின்றது. பாரம் ஏறிய துகள், பற்றீரியாக்கள் தின்று முடிக்குமுன் ஆழத்தை அடைகின்றது. இமயத்து மண் வங்கக் கடலின் கரியைப் புதைக்க உதவுகின்றதென்றால் வியப்பன்றோ!

அவ்வாறாயின், பிளாந்தனுக்கு உரமிட்டு இவ்வேலையை விரைவுபடுத்தலாகாதா? இதனையும் பரீட்சித்தனர். தென் சமுத்திரத்தில் இரும்புச்சத்துக் குறைவு. 2004 ஆம் ஆண்டில் அங்கே இரும்பு தூவப்பட்டபோது, சிலிக்கா ஓடுடைய தயற்றங்கள் பெருகித் திரண்டன. அவ்விளைச்சலில் அரைப்பங்குக்குக் குறையாதது 1,000 மீற்றருக்குக் கீழே சென்றது. 2009 ஆம் ஆண்டில் இந்திய, ஜேர்மனிய விஞ்ஞானிகள் அச்சமுத்திரத்தின் வேறோர் இடத்தில் இரும்பு தூவினர். அங்கே சிலிக்கா போதாமையால் ஓடில்லாப் பிளாந்தனே வளர்ந்தது. அதனைச் சிறு பிராணிகள் மேய்ந்தன. அவற்றை வேறு பிராணிகள் உண்டன. ஆழத்துக்குச் சென்றது சொற்பமே. உரம் ஒன்றே, பயன் வேறு. கடல் நம் ஏவலுக்கு அடங்கும் தோட்டமன்று.

இன்னொன்றையும் கூறுவோம். நாம் விடும் புகையிற் காற்பங்களவைக் கடல் ஏற்பது உண்மையே. ஆயினும் அது பெரும்பாலும் நீரில் வாயு கரைவதால் நிகழ்வது. கடற்பனி செய்வது நெடுங்காலக் காவல். அது நின்றுவிடின், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டின் அளவு பத்திலட்சத்துக்கு ஏறக்குறைய 200 பங்கு கூடிவிடும் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. 2024 ஆம் ஆண்டிலே அவ்வளவு 420 ஐத் தாண்டிவிட்டது. மேல்நீர் சூடேறச் சூடேற, கீழ்நீரோடு கலத்தல் குறையும். பிளாந்தனுக்கு வேண்டிய சத்து மேலே வருவதும் குறையும். ஆகவே, நாம் புகையைக் குறைக்காது விட்டால், நமக்குக் காவலாயிருப்பதையே நலிவிக்கின்றோம்.

வாலிப அன்பர்களே! முதுசொத்தை விற்றுண்பவனை ஊர் மதிப்பதில்லை. ஆழ்கடல் வைத்திருப்பது மனித குலம் அனைத்துக்கும் உரிய முதுசொம். திருகோணமலைக் கரையை ஒட்டியே ஆழ்கடல் தொடங்குகின்றது. அதனை ஆராய நம் வாலிபர் முன்வரல் வேண்டும். கடலைக் காப்பதற்கு முதற்படி கடலை அறிதலே.