வீடு திரும்பிய பிறகு



குடிநோய்ச் சிகிச்சையைப் பற்றிய மாநாடுகள் பெரும்பாலும் புள்ளிவிவரத்தில் தொடங்கும். இந்த மாநாடு ஒரு குழம்புக் கிண்ணத்தில் தொடங்கட்டும். டிஸல்பிராம் மாத்திரையைப் பொடித்து, கணவனுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்துவிடும் மனைவிமார் நம் ஊர்களில் உண்டு. அதன் பிறகு அவன் ஒரு குவார்ட்டரைத் திறந்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குடலைப் பிடுங்கும் வாந்தி வரும். இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். விவரம் தெரிந்து, சம்மதித்து விழுங்க வேண்டிய மாத்திரை அது. ஆனால் அந்தப் பெண்ணை ஏசி என்ன பயன்? மாத்திரை கைக்கு எட்டுகிறது, சிகிச்சை எட்டவில்லை.

எவ்வளவு எட்டவில்லை என்பதை 2019இல் வெளிவந்த எய்ம்ஸ் ஆய்வறிக்கை சொல்கிறது. ஆண்களில் 27.3 விழுக்காட்டினர் குடிக்கிறார்கள், பெண்களில் 1.6. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேருக்கு ஒருவர்.

அப்படிச் சேர்ந்தவருக்குக் கடைசிக் குடி முடிந்த சில மணி நேரத்திலேயே கை நடுங்கும். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாலும் காபி தளும்பும். இரண்டு மூன்று நாளில் சிலருக்கு இல்லாத பூச்சிகள் சுவரில் ஊரும், வலிப்பும் வரலாம். டயஸிபாம் வகை மருந்தும் தயமின் ஊசியும் அந்த வாரத்தைக் கடத்திவிடும். சுலபமான வாரம் என்றால் இரவுப் பணிச் செவிலியர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனாலும் அது மருத்துவத்துக்குப் பழகிய பாதை. பாதை மங்குவது அவர் பையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பும் நாளில்தான்: அதே தெரு, அதே கூட்டாளிகள், அதே கடன்.

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. சிகிச்சை மையம் இதை முன்பே கண்டுகொண்டது. குடும்பத்தாருக்கான ஆலோசனையையும் சிகிச்சையின் பகுதியாக்கியது. 1989இல் மஞ்சக்குடி கிராமத்துக்கே சென்று 15 நாள் முகாம் நடத்தியது. கூலி வேலைக்காரர் பட்டணம் வந்து மாதக்கணக்கில் தங்க முடியாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய லாபம் வேறு: சிகிச்சை ஊர் அறிய நடந்தது. முகாமை நடத்த ஊராரே தோள் கொடுத்தார்கள். நோயாளி திரும்பிப் போகும் தெருவுக்கும் சேர்த்தே நடந்த சிகிச்சை அது.

இன்னொரு பக்கமும் உண்டு. சிகிச்சை என்ற பெயரில் பூட்டி வைப்பதும் அடிப்பதும் நடந்திருக்கின்றன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தபின் அதை யாரும் கண்டிப்பு என்று சமாளிக்க முடியாது. கண்ணியமாக நடத்தப்படுவது நோயாளியின் உரிமை.

கட்டுரை வாசிக்க வந்திருப்போரிடம் இந்த மேடையின் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் அட்டவணைகள் டிஸ்சார்ஜ் தேதியோடு நிற்க வேண்டாம். ஆறாம் மாதத்துக்கு ஒரு கட்டம், ஓராண்டுக்கு ஒரு கட்டம் போடுங்கள். மறுபடி குடித்தவர்களைத் ‘தோல்வி’ என்ற தலைப்பின் கீழ் எழுதாதீர்கள்; சர்க்கரை ஏறிவிட்ட நோயாளியை யாரும் அப்படி எழுதுவதில்லை. முதல் அமர்வு தொடங்கலாம்.