ஒரு மாதமும் விடாதீர்கள்



திசைகாட்டி முள் வடக்கைப் பார்த்து நிற்பது பூமிக்கே காந்தசக்தி இருப்பதால்தான். அந்தச் சக்தி நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும். பம்பாயில் கொலாபா என்ற இடத்தில் 1841 முதல் அதை அளந்து எழுதி வந்தார்கள். 1896இல் நானாபாய் மூஸ் என்பவர் அங்கே பொறுப்பாளர் ஆனார்.

அப்போது நகரத்துக்கு மின்சார டிராம் வண்டி வரப்போவதாகத் தெரிந்தது. அந்த மின்சாரம் காந்த அளவைக் குழப்பிவிடும். புது அளவை ஏறக்குறைய 60 வருடக் கணக்கோடு ஒப்பிட முடியாமல் போகும்.

மூஸ் என்ன செய்தார் தெரியுமா? சுமார் 30 கிலோமீற்றர் தள்ளி, அலிபாக்கில், இரும்பைத் தவிர்த்துக் கட்டிய கட்டடத்துக்குக் கருவிகளை மாற்றினார். ஆனால் அவசரப்படவில்லை. 1904 முதல் 1906 வரை இரண்டு இடத்திலும் அளந்தார். வித்தியாசம் தெரிந்த பிறகுதான் கொலாபாவில் நிறுத்தினார். கணக்கு அறுபடவில்லை. அலிபாக்கில் இன்றும் அளக்கிறார்கள்.

நம்ம பிள்ளைகளின் நிறை அட்டையும் இப்படித்தான். "இன்னைக்கு பேர் போடணும், அடுத்த மாசம் பார்ப்போம்" என்று விட்டால், பிள்ளை எப்போது மெலியத் தொடங்கியது என்று யாருக்குத் தெரியும்? புதுத் தராசு வந்தால் பழையதிலும் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். அட்டையில் ஒரு மாதமும் வெறுமையாக இருக்கக்கூடாது.