பித்தளைத் தகடும் பிளாஸ்ரிக் கப்பலும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பிளாஸ்ரிக்கினால் ஆக்கிய மாதிரிக் கப்பல்களிலே மெல்லிய பித்தளை உறுப்புக்களைப் பொருத்துவது எவ்வாறு என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். "இது சிறுவர் விளையாட்டன்றோ? கற்றோர் அவையிற் பேசத்தக்கதோ?" எனச் சிலர் எண்ணக்கூடும். விளையாட்டுத்தான், ஆயினும் கணக்கும் இரசாயனமும் சரித்திரமும் ஒருங்கே கைவிரல்களுக்கு வேலை கொடுக்கும் விளையாட்டு. ஒரு பொருளை உள்ளபடி காட்டுவதா, அழகுக்காக மிகைப்படுத்திக் காட்டுவதா என்னும் கேள்வி அதிலே அடிக்கடி எழுகின்றது. அக்கேள்விக்கு விடை காண்பதே நமது நோக்கம்.

நமது கடலிலே கிடக்கும் ஒரு கப்பலையே உதாரணமாகக் கொள்வோம். விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய கப்பல்களுள் உலகில் முதலாவது பிரித்தானியரின் 'ஹேர்மிஸ்'. 1918இல் தொடங்கிய வேலை 1924இல் நிறைவெய்தியது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 9ஆம் நாள், திருகோணமலையிலிருந்து தெற்கே வந்த அக்கப்பலை யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலிற் குண்டு வீசி மூழ்கடித்தன. ஏறக்குறைய 300 மாலுமிகள் மாண்டனர். ஐம்பது மீற்றர் அளவான ஆழத்தில் அக்கப்பல் இன்றும் கிடக்கின்றது. அதே கப்பலின் மாதிரியை 1/700 என்னும் அளவுத்திட்டத்தில் இன்று நமக்கு ஆக்கித் தந்திருப்பவர்கள் யப்பானின் அயோஷிமா நிறுவனத்தார் என்பது காலத்தின் விந்தையே. 183 மீற்றர் நீளமான கப்பல் 26 சதமமீற்றராகச் சுருங்கி நமது மேசையில் அமர்கின்றது.

நீளம் சுருங்கிற்று, தடிப்பும் அவ்வாறே சுருங்குமா? சுருங்காது. இங்கேதான் இடர்ப்பாடு தொடங்குகின்றது. பிளாஸ்ரிக் உறுப்புக்கள் உருக்கு அச்சினுள்ளே உருகிய குழம்பைச் செலுத்தி வார்க்கப்படுவன. வழி மிக ஒடுங்கியதாயிருந்தால் குழம்பு இறுதிவரை ஓடிச் சேராது. அரை மில்லிமீற்றரிலும் மெல்லிய கம்பியை அவ்வகையில் வார்ப்பது கடினம். அந்த அரை மில்லிமீற்றரை 700ஆற் பெருக்கிப் பாருங்கள்: 350 மில்லிமீற்றர். கப்பலின் ஓரத்திலே மாலுமி கைபிடித்து நடக்கும் இரும்புக் கிராதி ஒரு தென்னைமரத்தின் பருமனாகிவிடும்! ஆகவே சிறிய அளவுத்திட்டங்களிற் கிராதியை வார்க்காமலே விட்டுவிடுவது வழக்கம்.

இக்குறையை நீக்க வந்ததே ஆங்கிலத்தில் 'போட்டோ எட்ச்' என வழங்கும் தகடு. நாம் அதனை 'ஒளியரிப்புத் தகடு' என்போம். ஒளியைக் கொண்டு உலோகத்திற் படம் பொறிக்கும் கலை புதியதன்று. பிரான்சு தேசத்து நியெப்ஸ் என்பார் 1820களிலே, வெயில் பட்டால் இறுகும் ஒருவகைத் தாரைத் தகட்டிற் பூசி இதற்கு வழி திறந்தார். இங்கிலாந்தின் தால்பொற் 1852இல், ஒளியால் இறுகும் செலற்றின் பூச்சைக் கொண்டு உருக்குத் தகட்டிற் படம் பொறிக்கும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். அவர்கள் வகுத்த வழியே பின்னர் மின்சுற்றுப் பலகைகளை ஆக்கும் தொழிலுக்குச் சென்று, அதன்பின் நமது விளையாட்டுக்கும் வந்தது. செக் நாட்டிலே 1989இல் தோன்றிய எடுவாட் நிறுவனத்தார் இத்தகடுகளாற் பெயர் பெற்றோருள் ஒருவர்.

செய்முறை இது. மெல்லிய பித்தளைத் தகட்டின் இருபுறமும் ஒளியால் மாறும் பூச்சைப் பூசுவர். உறுப்புக்களின் வரைபடத்தை மேலும் கீழும் வைத்து ஊதாக்கடந்த கதிரைச் செலுத்துவர். கழுவியதும், வேண்டிய இடங்களிற் பூச்சு நிலைத்திருக்கும். வேண்டாத இடங்களிற் பித்தளை வெளிப்படும். பின்பு பெரிக்குக் குளோரைட்டுக் கரைசல் வெளிப்பட்ட இடங்களை அரித்துவிடும். இருபுறமும் அரித்த இடம் துளையாகும். ஒருபுறம் மட்டும் அரித்த இடம் பாதி ஆழமான பள்ளமாகும். அப்பள்ளமே நாம் மடிக்கவேண்டிய கோடு. தகட்டின் தடிப்பு மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்களவினது. 700ஆற் பெருக்கினால் 70 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. உண்மைக் கிராதியிலும் இதுவும் பருத்ததே; எனினும் கண் இதனைப் பொறுத்துக்கொள்ளும்.

இனிக் கைவேலைக்கு வருவோம். முதலாவது, உறுப்பைச் சட்டத்திலிருந்து வெட்டும் முறை. தகட்டை மரத்தின் மீது வைத்து வெட்டினால் மரம் அமிழ்ந்து உறுப்பு வளையும். கண்ணாடியோ ஓட்டுத் துண்டோ வேண்டும். உறுப்பைச் சட்டத்தோடு பிணைக்கும் சிறு காம்பினைக் கூர்க்கத்தியால் மேலிருந்து நேரே அழுத்தி வெட்டுதல் வேண்டும். வெட்டும்பொழுது உறுப்பின்மீது விரலொன்று இருக்கட்டும். இல்லையேல் அது தத்துவெட்டிபோலப் பாய்ந்து மறைந்துவிடும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிவதும் நன்று. எஞ்சிய காம்பை மெல்லிய அரத்தால் ஒரே திசையில் அராவி எடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, மடித்தல். இரும்பு அடிமட்டத்தைக் கோட்டின் ஓரத்திலே வைத்து அழுத்திக்கொண்டு, மறுபுறத்தைச் சவர அலகினாற் கிளப்பி ஒரே முயற்சியில் மடித்தல் வேண்டும். பள்ளம் மடிப்பின் உட்புறத்தே அமைவது பெரும்பான்மை வழக்கு. மடித்ததை நிமிர்த்தி மீண்டும் மடித்தாற் பித்தளை முறிந்துவிடும். ஆகவே முதலிற் சிந்தித்துப் பின்னரே மடிக்கவேண்டும். உருண்டையாக வளைக்கவேண்டிய உறுப்பைச் சுடரிற் காட்டி ஆறவிட்டால் அது இளகி விரலுக்கு இணங்கும். நிமிர்ந்து நிற்கவேண்டிய கிராதிக்கு அது கூடாது. இளகிய கிராதி தொட்டவுடன் சாய்ந்துவிடும்.

மூன்றாவது, ஒட்டுதல். பிளாஸ்ரிக்கை ஒட்டும் பசை பிளாஸ்ரிக்கைக் கரைத்தே இணைக்கின்றது. பித்தளையை அது கரைக்கமாட்டாது. இதற்கு வேண்டுவது சயனோஅக்கிரிலேற்றுப் பசை, அதாவது கடைகளில் 'சுப்பர் குளூ' எனக் கேட்டு வாங்குவது. ஹேர்மிஸ் மூழ்கிய அதே 1942இல், துப்பாக்கியின் குறிகாட்டிக்குத் தெளிந்த பிளாஸ்ரிக் தேடிய அமெரிக்க ஆய்வாளரின் கையில் முதன்முதல் அகப்பட்ட பொருள் இது. காற்றின் ஈரத்தால் இறுகுவது இதன் இயல்பு. நமது நாட்டின் ஈரக்காற்றில் விரைந்து இறுகிவிடும். போத்தலிலிருந்து நேரே ஊற்றாமல், ஒரு துளியை எடுத்து ஊசிமுனையால் தொட்டு வைத்தல் வேண்டும். உறுப்பைச் சாமணத்தாற் பிடித்து, இடம் பார்த்து ஒருமுறையிலே வைத்துவிடவேண்டும். வர்ணம் பூசுமுன் அடிப்பூச்சும் வேண்டும். வெறும் பித்தளையில் வர்ணம் பற்றாது உரிந்துவிடும்.

இவை யாவும் பழக்கத்தால் வருவன. பழக்கத்தால் மட்டும் வராதது ஒன்றுண்டு. அது எதனைப் பொருத்துவது, எதனை விடுவது என்னும் தெரிவு. தகட்டிலே நூறு உறுப்புக்கள் இருக்கின்றன. விலையோ சில வேளைகளில் மாதிரியின் விலைக்கு நிகராகின்றது. 'காசு கொடுத்தோம், எல்லாவற்றையும் ஒட்டுவோம்' என்னும் ஆசை எழுவது இயல்பே. ஆனால் தகடு தட்டையானது என்பதை மறத்தலாகாது. உண்மையில் தட்டையாகவோ மெல்லியதாகவோ இருந்த கிராதி, ஏணி, பாரந்தூக்கியின் பின்னற்சட்டம் ஆகியவற்றுக்குப் பித்தளையே தகும். உருண்டையான பீரங்கிக் குழலுக்கும் பாய்மரத்தூண் போன்ற தண்டுக்கும் தகடு தகாது. வார்த்த பிளாஸ்ரிக்கே அங்கு உண்மைக்குக் கிட்டியது. நுணுக்கம் வேறு, உண்மை வேறு. நுணுக்கம் உண்மைக்கு ஊழியம் செய்யும்பொழுதே அதற்குப் பெருமை.

ஹேர்மிஸ் இதற்கு மேலுமொரு பாடம் சொல்லுகின்றது. தளம் நிறைய விமானங்களை நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் பித்தளைச் சுழலி பொருத்தினால் மாதிரி மிக அழகாயிருக்கும். கண்காட்சியிற் பலரும் கூடிப் பார்ப்பர். ஆனால் ஏப்பிரில் 9ஆம் நாளின் கப்பலென்று பெயர் எழுதி அவ்வாறு காட்டினால் அது பொய். அன்று அதன் விமானங்கள் கரையில் நின்றன. தன்னைத் தாக்கியோரை எதிர்க்க எழும்பிப் பறக்கத்தக்க விமானம் ஒன்றேனும் அதில் இருக்கவில்லை. அந்த வெறுந்தளமே அன்றைய துயரத்தின் காரணத்தைச் சொல்லும் சாட்சி. அதனை அலங்காரத்தால் மூடினால், மாண்ட மாலுமிகளுக்கு நேர்ந்தது யாதென்பதையே மூடியவராவோம். வெறுமையாய் விடவேண்டிய இடத்தை வெறுமையாய் விடுவதும் கைவேலையின் ஒரு பகுதியே.

ஆதலின், நண்பர்களே, இவ்வேலையிற் புக விரும்புவோர் பெரிய தகடு வாங்கவேண்டியதில்லை. ஒரு துண்டுக் கிராதியும் ஓர் ஏணியும் போதும். கத்தியை எடுக்குமுன் கப்பலின் நிழற்படத்தைத் தேடிப் பாருங்கள், அளவைக் கணக்கிடுங்கள். அங்கிருந்ததை வையுங்கள்; இல்லாததை வையாதீர்கள். இவ்வளவே நாம் சொல்ல வந்தது.